பெட்டி நசுங்காமல் இருக்க வைத்த துணி

டிரங்குப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த சீலை சூடாக இருந்தது.

வைகாசி மாதம், உச்சி வெயில், திருச்சுழி. இதில் சூடாக இல்லாத பொருள் எது என்று கேட்பீர்கள். காசிராஜனும் முதலில் அப்படித்தான் நினைத்தான். ஆனால் பெட்டி இருந்தது ஜன்னலே இல்லாத உள்ளறை மூலையில், மண்சுவரை ஒட்டி. மேலே கிடந்த பச்சைச் சீலை குளுகுளுவென்று இருந்தது. அடியில் கிடந்தவையும் அப்படியே. நடுவில் இருந்த அரக்குச் சீலை மட்டும்தான் சூடு. வெயில் சூடென்றால் துணியின் மேலே இருக்கும், உள்ளே கை போகப் போகக் குறையும். இது மடிப்புக்குள்ளே இருந்தது. ஒருத்தி இப்போதுதான் அவிழ்த்து, மடித்து, உள்ளே வைத்துவிட்டுப் போன சூடு.

தொழில் பழக்கம், அதை மூக்கருகே கொண்டுபோனான். அவன் மனைவி கஸ்தூரியின் பவுடர் வாசனை இல்லை. விளக்கெண்ணெயும் ஓமமும் கலந்த ஒரு வாசனை, அதற்கு அடியில் பழைய விறகுப் புகை. கஸ்தூரி முன்னறைக் கட்டிலில், வாயைக் கொஞ்சம் திறந்து, அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். கட்டியிருந்தது நீலச் சீலை. காலையிலிருந்து அதே சீலைதான்.

எடுக்க வந்த துண்டை எடுத்துக்கொண்டு பெட்டியை மூடினான். மூடிய கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான். ஏன் துடைத்தோம் என்று அவனுக்கே தெரியவில்லை.

காசிராஜன் மியூசியத்துக்காரன். பட்டணத்து மியூசியம் ஒன்றில் பழைய துணிகளைப் பேணுவது அவன் வேலை. பூச்சி, பூஞ்சை, வெளிச்சம், மனிதக் கைவேர்வை, எல்லாமே அவனுக்குப் பகை. கிராமங்களில் கிடக்கும் பழம்பொருள்களைப் பட்டியல் எடுத்து, சேதமானதைச் சரிசெய்து கொடுத்து வா என்று அறுபத்தொன்பதில் அவனை இந்தப் பக்கம் அனுப்பினார்கள். திருச்சுழியில் வீடு பிடித்தான். முன்னறையில் வேலை மேசையும் கட்டிலும், உள்ளறையில் அடுப்பும் தட்டுமுட்டுச் சாமான்களும்.

கஸ்தூரிக்கு ஏழு மாதம். இதற்கு முன்னால் இரண்டு தடவை, இரண்டும் நாலாம் மாதத்தில், ஒன்றுமில்லாமல் போயிற்று. இந்தத் தடவை எப்படியோ தங்கியிருந்தது. அருப்புக்கோட்டை டாக்டரம்மா, பஸ், ரயில், மாட்டு வண்டி எதிலும் ஏறக்கூடாது, கட்டிலை விட்டு அதிகம் நகரவும் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். கஸ்தூரியின் அம்மா மாதக் கடைசியில் வந்து கூட இருப்பதாக ஏற்பாடு. இந்தப் பிள்ளை நிலைத்துவிட வேண்டும். அந்த நாளில் காசிராஜனுக்கு இதைத் தவிர வேறு வேண்டுதல் கிடையாது. சாமி கும்பிடாத மனுசன், யாரிடம் வேண்டினானோ தெரியாது, ஆனால் வேண்டினான்.

மேசை மேல் விரித்துக் கிடந்தது இன்னொரு சீலை. நரிக்குடிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில், உடைமரத்தடி மண்சுவர் மாடத்தில், உக்கிரபாண்டி குடும்பத்துக்கு ஒரு குலசாமி உண்டு. சிலை கிடையாது, பீடம் கிடையாது. ஓர் ஓலைப்பெட்டி, அதற்குள் ஒரு சீலை. என்றோ செத்துப்போன ஒரு பெண்ணின் சீலை. கரையான் மண்சுவரில் ஏறிப் பெட்டியைத் தொட ஆரம்பித்ததைப் பார்த்துவிட்டு உக்கிரபாண்டிதான் இவனைத் தேடி வந்தான்.

"நாப்பது நாளு வச்சுக்கிடுங்க சார். மருந்து போட்டுக் குடுத்துருங்க. அதுக்குள்ள சொவர எடுத்துக் கட்டிருவேன்."

சீலையை எடுக்க காசிராஜன் போன அன்று உக்கிரபாண்டி அவனைச் சாமி முன்னால் விட்டுவிட்டு, இளநீர் வெட்டி வருகிறேன் என்று போய்விட்டான். அவன் மனைவி ஆவுடைத்தாய் பருத்திக்காட்டில் இருந்தாள். காசிராஜன் கையுறை மாட்டி, சீலையை எடுத்து, தான் கொண்டுவந்த தகரப் பெட்டியில் வைத்தான். ஓலைப்பெட்டி வெறுமனே நின்றது. வெறும் ஓலை வெயிலில் காய்ந்து உள்வாங்கி நசுங்கிவிடும்; எந்தப் பெட்டியையும் வெறுமனே விடக்கூடாது என்பது அவனுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். பையிலிருந்து நாலு கெஜம் புது வெள்ளைத் துணியை எடுத்து, பதமாகச் சுருட்டி, உள்ளே வைத்து மூடினான். எவ்வளவு அக்கறை! அன்று பஸ்ஸில் திரும்பும்போது தன் வேலையை நினைத்து அவனுக்கே திருப்தியாக இருந்தது.

பதிவேட்டில் எழுதினான். பருத்தி. சாயவேர்ச் சிவப்பு. நூறு வருசத்துக்குக் குறையாத வயது. பயன்பாடு என்ற கட்டத்தில்: "இறந்த பெண்ணின் நினைவுப்பொருள். தற்போது உபயோகத்தில் இல்லை."

சூடான சீலையை மறுநாள் அவனே மறந்துபோயிருப்பான். மேசைமேல் கிடந்த பழைய சீலை மறக்க விடவில்லை.

துணி பொய் சொல்லாது என்பான் காசிராஜன். கடைசியாக அதை உடுத்தியவள் எப்படி உடுத்தினாள் என்பதை மடிப்புத் தடங்கள் காட்டிக்கொடுத்துவிடும். விளக்கைச் சாய்வாகப் பிடித்து, பூதக்கண்ணாடியோடு குனிந்து, விரல் அகலம் விரல் அகலமாகப் படித்துக்கொண்டு போனான். கொசுவத் தடம் முன்னால் இல்லை, முதுகுப் பக்கம் இருந்தது. பழைய காலத்துப் பின்கொசுவம். சரி. இடுப்பில் செருகிய தடம் இடுப்பில் இல்லை. அதற்கு ஒரு சாண் மேலே, மார்புக்குக் கொஞ்சம் கீழே இருந்தது. அதற்கடியில் ஒரு பெரிய வட்டம், ஊடும் பாவும் இழுபட்டு, நெகிழ்ந்து, இன்னும் பழைய நிலைக்குத் திரும்பாமல்.

நிறைமாதம். இதைக் கட்டியிருந்தவள் நிறைமாதக்காரி.

கண்டுபிடித்த சந்தோஷம் முழுசாக ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. எழுந்து உள்ளறைக்குப் போனான். டிரங்குப் பெட்டியைத் திறந்து அந்த அரக்குச் சீலையை எடுத்து வந்து, பழைய சீலைக்குப் பக்கத்தில் விரித்தான். அதே விளக்கு. அதே சாய்வு.

முதுகில் கொசுவம். ஒரு சாண் மேலே செருகல். அடியில் வட்டம்.

கஸ்தூரியைக் கூப்பிட்டான். அவள் மெல்ல எழுந்து, கட்டில் விளிம்பைப் பிடித்தபடி வந்து பார்த்தாள்.

"இத எப்பக் கட்டுன?"

"அதையா? வந்ததுல இருந்து கட்டவே இல்லையே. ஏன்?"

"பின்கொசுவம் வச்சுக் கட்டியிருக்கு."

அவள் சிரித்தாள். "நல்லா இருக்கே! எங்க ஆச்சி காலத்துலயே அத விட்டாச்சு. வேலையோட வேலையா உங்களுக்குக் கிறுக்குப் பிடிக்காம இருந்தாச் சரி." சொல்லிவிட்டு வயிற்றைத் தாங்கிக்கொண்டு திரும்ப நடந்தாள். இரண்டு எட்டு வைத்தபின் நின்று, பின்னால் பார்க்காமல் சொன்னாள்: "அந்தச் சீலை நல்லாத்தான் இருக்கும் அதுக்கு. செவப்பு ஒடம்பு."

"யாருக்கு?"

கஸ்தூரி போய்ப் படுத்துக்கொண்டாள். அரைத் தூக்கத்தில் உளறுகிறாள் என்று அவன் தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டான். வேறு என்ன செய்வான், பாவம்!

அதற்குப் பிறகு பகல்கள் மாறிப்போயின. ராத்திரி ஒன்றும் இல்லை. ராத்திரி தெருவே வாசலில் படுத்திருக்கும், யாராவது இருமுவார்கள், யாராவது குழந்தையை அதட்டுவார்கள். உச்சிப்பொழுதில்தான் தெரு காலியாகும். குண்டாற்று மணல் வெள்ளைவெளேரென்று எரியும், காக்கைகூடக் கத்தாது, சீமைக்கருவேலங்காய் உதிர்கிற சத்தம் நாலு வீடு தள்ளிக் கேட்கும். அந்த நேரத்தில் உள்ளறையில் ஒருத்தி உட்காருவாள். கண்ணால் பார்க்கவில்லை, காதால் கேட்டான். முதலில் சுவரில் உள்ளங்கை ஊன்றுகிற சத்தம், பிறகு தரையில் ஒரு கை, பிறகு கனத்த உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிற சத்தம், கடைசியில், உட்கார்ந்து முடித்தவுடன் நிறைமாதக்காரிகள் விடுகிற அந்த நீண்ட மூச்சு. கஸ்தூரி என்று நினைத்து எட்டிப் பார்ப்பான். கஸ்தூரி முன்னறைக் கட்டிலில் இருப்பாள். உள்ளறையில் யாரும் இருக்கமாட்டார்கள், தரையில் மட்டும் வட்டமாக ஓர் இடம் ஈரமாக, வேர்த்திருக்கும்.

சுவரில் எண்ணெய்க் கைத்தடம் ஒன்று விழுந்தது. இடுப்பு உயரத்தில், விரல்கள் கீழ்நோக்கி. கஸ்தூரியின் கையை இழுத்து அதன்மேல் வைத்துப் பார்த்தான். அவள் விரல்கள் அந்தத் தடத்துக்குள் ஒரு கணு குறைவாக நின்றன.

அவனுக்குப் பயமாக இருந்தது. படித்தவன் என்ன, படிக்காதவன் என்ன! இதில் அவனை இன்னும் கலக்கியது கஸ்தூரி பயப்படாததுதான். அவளுக்கு முகம் தெளிந்திருந்தது. முதுகுவலி போய்விட்டது என்றாள். மதியத்தில் யாரோ விளக்கெண்ணெய் தேய்த்து நீவிவிட்டது போல இருக்கிறது என்றாள். சுக்கும் ஓமமும் தட்டிப்போட்டுக் கஷாயம் வைத்தாள், அதை இரண்டு டம்ளரில் ஊற்றினாள்.

"ரெண்டாவது யாருக்கு?"

"உங்களுக்குத்தான்," என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமல். அவனுக்குக் கொடுக்கவில்லை. சாயங்காலம் பார்த்தபோது இரண்டு டம்ளரும் கழுவிக் கவிழ்த்திருந்தன.

மறுநாள் காலை முதல் பஸ்ஸுக்கு நரிக்குடி கிளம்பினான். பழைய சீலையை மடித்துத் தகரப் பெட்டியில் வைத்துக்கொண்டான். நாற்பது நாளும் வேண்டாம், ஒரு மருந்தும் வேண்டாம், கொடுத்துவிட்டு வந்தால் போதும். பக்கத்து வீட்டு அழகுத்தாயிடம், நான் வரும்வரைக்கும் கஸ்தூரியோடு இருங்க என்று சொல்லிவிட்டுப் போனான்.

உக்கிரபாண்டி ஊரில் இல்லை. ஆவுடைத்தாய் அவனைச் சாமியிடம் கூட்டிப்போனாள். அவளுக்கும் அவன் வயதுதான் இருக்கும். காட்டு வேலையில் கறுத்த முகம், வெடுக்கென்ற பேச்சு. ஓலைப்பெட்டியைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இந்த வெள்ளத்துணிய யாரு வச்சது?"

"நான்தாம்மா. வெறும் பெட்டி நசுங்கிரும்னு வச்சேன்."

"புதுத்துணியா?"

"புதுசுதான். யாரும் கட்டினது இல்ல."

"ஒங்க கையாலயா?"

"ஆமா."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்தாள். பேசியபோது சத்தம் இறங்கியிருந்தது.

"இதுக்குள்ள புதுத்துணி வைக்கிறது எங்க வீட்டு ஆம்பள மட்டுந்தான் சார். வருசத்துக்கு ஒருக்கா. அவ கூடப்பெறந்தவன் வம்சம் நாங்க. கோடித்துணி யாரு குடுக்காகளோ அவுகதான் அவளுக்குப் பெறந்த வீடு."

"எனக்குத் தெரியாதும்மா. நெனைவுக்கு வச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்."

"நெனைவா? அவளுக்கு மாத்துச் சீலை சார் அது, இன்னமும் கட்டிக்கிடுதா. தலப்பிரசவத்துக்குப் பெறந்த வீட்டுக்கு நடந்து வந்தவ. நெறமாசம். கம்மாக்கரையில வலி எடுத்துருச்சு. அவளும் வீடு வந்து சேரல, பிள்ளையும் வெளிய வரல. இன்னமும் வந்துக்கிட்டுத்தான் இருக்கா. வருசா வருசம் கோடிய வச்சுப் படைச்சு எடுத்துட்டு, 'இங்கனயே இரு தாயி, நாங்களே வந்து கூப்பிடுதோம்'னு சொல்லிட்டு வருவோம். இதுவரைக்கும் யாரும் கூப்பிட்டதில்ல." வெள்ளைத் துணியைத் தொடாமல் விரலால் காட்டினாள். "நீங்க கோடியையும் குடுத்துட்டு, அவ சீலைய ஒங்க வீட்டுக்குத் தூக்கிட்டும் போயிட்டீக. வான்னு கூப்பிட்ட மாதிரிதான?"

காசிராஜன் தகரப் பெட்டியை நீட்டினான். "திருப்பிக் கொண்டாந்துட்டேன். வச்சிருங்க. இங்கயே வந்திரட்டும்."

"பெறந்த வீட்டுக்கு வந்தவளப் பேறு பாக்காம எப்பிடி அனுப்புவீக?" பிறகு என்னவோ தோன்றி அவனை நிமிர்ந்து பார்த்தாள். "வீட்டுல பொம்பளையாளுக இருக்காகளா?"

"சம்சாரம். ஏழு மாசம்."

ஆவுடைத்தாய் பெட்டியை மூடினாள். "ஓடுங்க சார். ஒரு கூரைக்குள்ள ரெண்டு பேறு ஆகாது. ஒண்ணு இன்னொண்ணத் தள்ளிரும். அவுகளக் கூட்டிக்கிட்டு அந்த வீட்ட விட்டு வெளியேறுங்க மொதல்ல."

பஸ் இல்லை. முக்கால் மணி நேரம் ரோட்டில் நின்று, கரி மூட்டை ஏற்றிய லாரி ஒன்றை மறித்து ஏறினான். வழியெல்லாம் காய்ந்த கண்மாய்கள், வெடித்த கரிசல், அதன்மேல் ஆடும் கானல். ஒவ்வொரு கண்மாய்க்கரையிலும் ஒருத்தி இடுப்பில் கையூன்றி நடந்து வருவதுபோல இருந்தது. கிட்டே போனால் கருவேலஞ்செடி. கஸ்தூரியைத் தூக்கிக்கொண்டாவது வந்துவிட வேண்டும். டாக்டரம்மா என்ன சொன்னாலும் சரி. கோயில் மண்டபம், அழகுத்தாய் வீடு, புளியமரத்தடி, எங்கே ஆனாலும் சரி. அந்தக் கூரை மட்டும் வேண்டாம்.

தெருமுனையில் இறங்கியபோது சரியான உச்சிப்பொழுது. தெருவில் ஒரு ஆள் இல்லை. அழகுத்தாய் தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா! நீங்க ஏன் இங்க இருக்கீங்க? கஸ்தூரி?"

"கஸ்தூரிதான் போகச் சொல்லுச்சு தம்பி. அதான் ஒங்க தங்கச்சி வந்திருக்காகளே, தொணைக்கு." அவள் குரலில் லேசான மனத்தாங்கல் இருந்தது. "வயிறும் பிள்ளையுமா ஒரு ஆள் வந்திருக்கு, ஒரு வார்த்த சொல்லலையே நீங்க."

காசிராஜனுக்குத் தங்கை கிடையாது. அக்காவும் கிடையாது. வீட்டுக்கு ஒரே பிள்ளை.

கதவு ஒருக்களித்திருந்தது. தள்ளினான்.

விளக்கெண்ணெய் வாசனை. ஓமம். வெந்நீர் ஆவி. முன்னறைக் கட்டில் காலி. மேசைமேல் பதிவேடு, பூதக்கண்ணாடி, எல்லாம் வைத்தபடியே. உள்ளறையிலிருந்து முனகல். பல்லைக் கடித்துக்கொண்டு, மூக்கால் விடுகிற முனகல். கஸ்தூரியின் குரல் இல்லை. அதைவிடக் கனத்த குரல். ஒன்று அடங்கி, இடைவெளி விட்டு, அடுத்தது. இடைவெளி குறைந்தது.

"கஸ்தூரி."

அடுத்த முனகல்தான் வந்தது.

நாலு எட்டு. வாசல்படி. இருட்டு. வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு முதலில் எதுவும் தெரியவில்லை. பிறகு அடுப்பு நெருப்பு தெரிந்தது. பிறகு கஸ்தூரி. முந்தானையை இடுப்பில் வரிந்து செருகி, பாய்க்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் எண்ணெய்க் கிண்ணம். உயிரோடு இருக்கிறாள். நன்றாக இருக்கிறாள். அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அவள் திரும்பினாள். சிரித்த முகம். "என்னங்க, வெளிய நில்லுங்க. ஆம்பளைக இங்க வரக்கூடாது."

அவன் அவளைப் பார்த்தான். முகத்தை. கழுத்தை. வரிந்து கட்டிய முந்தானையை. அதற்குக் கீழே.

தட்டை.

கல்யாணத்தன்று இருந்த வயிறு. ரத்தம் இல்லை. தரையில் எங்கேயும் ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

"கஸ்தூரி... பிள்ளை... வயிறு எங்க?"

"சத்தம் போடாதீங்க. வலியில இருக்கா." அவள் ஒரு கையால் பாயைத் தடவிக்கொடுத்தாள். "ஒரு வீட்டுக்குள்ள ரெண்டு பேறு ஆகாதாம். 'மதினி, நான் எங்க போவேன்'னு ஒரே அழுகை. எனக்கு மனசு கேக்கல. அதான் என்னுதையும் அவ கிட்டயே குடுத்துட்டேன்."

"என்ன சொல்ற நீ..."

"எனக்கு ரெண்டு தடவ தங்கலையே." கஸ்தூரி சந்தோஷமாகத்தான் சொன்னாள். "அவ வயித்துல நூறு வருசமாத் தங்கியிருக்கு பாத்தீங்களா."

பாயில் அரக்குச் சீலை கிடந்தது. பின்கொசுவம் வைத்து, ஒரு சாண் மேலே செருகி, யாரோ கட்டியபடியே கிடந்தது. மேல்பக்கம் தலை இல்லை, பாயின் கோரை தெரிந்தது. கீழ்ப்பக்கம் கால் இல்லை. உள்ளே யாரும் இல்லை. ஆனால் நடுவில் அது மேடிட்டிருந்தது, இழை தெறிக்கிற அளவுக்கு, ஒரு மனுஷிக்கு இருக்கவே முடியாத அளவுக்கு. கஸ்தூரி எண்ணெயைத் தொட்டு, அந்த மேட்டின்மேல் வட்டமாகத் தேய்த்தாள்.

முனகல் நின்றது.

மேட்டின் இடப்பக்கம், ஒரு குதிகால் அளவுக்குத் துணி எழும்பி அடங்கியது. கஸ்தூரியின் கை அதன்மேல் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து வலப்பக்கம், இன்னொன்று எழும்பியது.